பழைய லோடு வண்டியில் ஐடிலிங் கோளாறு

ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், கியரும் போடாமல், இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் நிலை ஐடிலிங் எனப்படும். பட்டறைகளில் இதையே ஸ்லோ ஸ்பீடு என்பார்கள். நல்ல நிலையில் உள்ள சிறிய டீசல் வண்டியின் இயந்திரம், சூடேறிய பிறகு, இந்த நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 முதல் 1000 சுற்று சுற்றும். சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். வயதான வண்டிகளில் ஐடிலிங் இரண்டு விதமாகக் கெடுகிறது. ஒன்று, ஓட்டம் சீர்கெட்டு வண்டி குலுங்குகிறது; இதை 'மிஸ்ஸிங்' என்பர். மற்றது, வேகம் தேவைக்கு மேல் ஏறி நிற்கிறது. இவ்விரண்டும் ஒன்றாக வரும்போது காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

குட்டி யானையின் இதயம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கைத் தெருக்களில் பட்டு நூல் மூட்டையும் தறிச் சாமானும் காய்கறிக் கூடையும் ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் 'குட்டி யானை' என்று மக்கள் பெயர் வைத்த டாடா ஏஸ் வண்டிகளே. 2005இல் சந்தைக்கு வந்த முதல் ஏஸில் இருந்தது 702 சி.சி. கொள்ளளவும் 16 குதிரைத்திறனும் கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் இயந்திரம். டாடா இண்டிகா காரின் 1405 சி.சி. நான்கு சிலிண்டர் இயந்திரத்தைப் பாதியாக்கிப் பெறப்பட்டது அது. கணக்குப் போட்டுப் பார்த்தாலே பாதி என்பது தெரியும்.

இந்தப் பாதி என்பதில்தான் பாடம் இருக்கிறது. நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் நொடிக்கு 15 சுற்று. நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் நொடிக்கு 30 எரிப்புகள் நிகழும். இரண்டு சிலிண்டரில் 15 மட்டுமே. ஆகவே குட்டி யானை இயல்பாகவே கொஞ்சம் அதிரும். அதில் ஒரு சிலிண்டர் சோர்ந்தால் இழப்பு கால்பங்கு அல்ல, அரைப்பங்கு. பெரிய பிக்கப் வண்டியில் லேசான நடுக்கமாகத் தெரியும் அதே கோளாறு இதில் கண்ணாடி முதல் கதவு வரை தடதடக்க வைக்கும்.

திருகாணி மறைக்கும் நோய்

டீசல் பம்பில், ஆக்ஸிலேட்டர் நெம்புகோல் வந்து முட்டி நிற்கும் இடத்தில் ஒரு திருகாணி இருக்கும். அதை உள்ளே திருகினால் ஐடிலிங் வேகம் கூடும். வண்டி குலுங்குகிறது என்று ஓட்டுநர் சொன்னவுடன் பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். அரைச் சுற்றுத் திருகினால் குலுக்கல் குறைந்துவிடும். வண்டியும் அணைந்து போகாது. ஆனால் கோளாறு போகவில்லை, மறைந்திருக்கிறது.

ஏன் மறைகிறது? சுழலும் பறசக்கரத்தில் சேரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பது பள்ளி இயற்பியல். 800 சுற்றிலிருந்து 1100 சுற்றுக்கு ஏற்றினால் வேகம் 1.375 மடங்கு, ஆற்றலோ ஏறத்தாழ 1.9 மடங்கு. ஓர் எரிப்பு தவறினாலும், அந்தக் குறையைச் சக்கரத்தில் இருக்கும் கூடுதல் ஆற்றல் இட்டு நிரப்பிவிடும். உட்கார்ந்திருப்பவருக்குக் குறை தெரியாது. சில மாதங்களில் மூலக்கோளாறு வளர்ந்து, உயர்த்திய வேகத்திலும் வண்டி குலுங்கத் தொடங்கும். அதாவது, பழைய டீசல் வண்டியில் 'வேகமும் கூடுதல், குலுக்கலும் இருக்கிறது' என்பது பல நேரங்களில் ஒரே நோயின் இரண்டு குறிகள் அல்ல. ஒன்று நோய், மற்றது யாரோ முன்பு கொடுத்த மருந்து.

இந்த மருந்துக்கு விலையும் உண்டு. நிற்கும் நேரமெல்லாம் டீசல் வீணாகும். முதல் கியர் போடும்போது பல் உரசிக் கறகறக்கும். வைகாசி கருட சேவை நாளில் வரதராசப் பெருமாள் கோயில் பக்கம் கூட்டத்தில் ஊர்ந்து செல்ல நேர்ந்தால், கியரில் உள்ள வண்டி முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் பாதி கிளட்ச்சில் கால் வைத்தே பிழைக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, திருகாணியில் கை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. பூட்டு நட்டின் மேல் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல், உடைந்த பெயிண்ட் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

செலவில்லாத சோதனைகள்

திருகாணியைப் பார்க்கும்போதே நெம்புகோல் அதைத் தொட்டு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொடவில்லை என்றால் குறை பம்பில் இல்லை. கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், திரும்பு வில் தளர்ந்திருக்கலாம், கால்மிதி விரிப்பு பெடலுக்கு அடியில் மடிந்திருக்கலாம். கேபிளுக்குச் சற்று எண்ணெய் விட்டாலே தீரும் கோளாறுக்காகப் பம்பைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது என்ஜின் மவுண்டிங், அதாவது இயந்திரத்தைச் சட்டத்தில் தாங்கும் ரப்பர். ரப்பர் கிழிந்தால் நன்றாக ஓடும் இயந்திரமும் கேபினைக் குலுக்கும். வேறுபடுத்தி அறிய எளிய வழி, வண்டியின் பின்னால் போய் சைலன்சரின் ஒலியைக் கேட்பது. 'டப் டப் டப்' என்று ஒலி ஒரே தாளத்தில் வந்தால் எரிப்பு சரியாக இருக்கிறது, குறை ரப்பரில். நடுவில் ஒரு தட்டு விட்டுப்போனால் குறை இயந்திரத்துக்குள். மவுண்டிங் அமர்ந்து இயந்திரம் சாய்ந்தால் ஆக்ஸிலேட்டர் கேபிளே இழுபடுவதும் உண்டு. அப்போது ஒரே ரப்பர் துண்டு குலுக்கலையும் வேக உயர்வையும் சேர்த்துத் தந்துவிடும்.

புகையின் நிறமும் இலவசமாகக் கிடைக்கும் தகவல்தான். கண் எரியும் வெண்புகை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது.

டீசல் குழாயில் காற்று

பழைய டீசல் வண்டிகளின் குலுக்கலுக்குக் காரணம் தேடும்போது நான் முதலிடம் தருவது இதற்கே. மாணவர்கள் இதை ஓர் ஊசிக்குழலை வைத்துச் செய்து பார்க்கலாம். ஊசியைக் கழற்றிவிட்டுக் குழலில் நீர் நிரப்பி, நுனியை விரலால் அடைத்து, தண்டை அழுத்துங்கள். நகராது. உள்ளே ஒரு காற்றுக்குமிழியை விட்டு மீண்டும் அழுத்துங்கள். தண்டு நகரும், ஆனால் அந்த நகர்வெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். டீசல் பம்பிலும் இதுவே நடக்கிறது. நாசில் திறக்க நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். குமிழி இருந்தால் அந்த அழுத்தம் எழாது. அந்த முறை எரிப்பு தவறும். குமிழி கடந்து போனதும் சரியாக எரியும். வேகம் குறையும்போது கவர்னர் எரிபொருளைக் கூட்டும், ஏறியதும் குறைக்கும். இப்படி வேகம் ஏறி இறங்கி அலைவதைத்தான் ஹன்டிங் என்கிறார்கள்.

காற்று எப்படி உள்ளே வருகிறது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். டாங்கிலிருந்து ஃபீட் பம்பு வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அந்தப் பகுதியில் விரிசல் இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். 'எங்கும் ஒழுகவில்லையே' என்பது அங்கே சான்று ஆகாது. காய்ந்து வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், நசுங்கிய காப்பர் வாஷர், ஃபில்டர் மாற்றியபோது சரியாக உட்காராத ரப்பர் வளையம் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தபின் கிளம்புவது துணை அறிகுறி.

உறுதிசெய்ய, பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் ஒளிபுகு குழாயை இணைத்து, இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்கலாம். குமிழி ஓடினால் டாங்கை நோக்கி ஒவ்வோர் இணைப்பாகத் தேட வேண்டும். ஹோஸை மாற்றியபின் ஃபில்டரின் மேலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையில்லாத டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். ஹோஸும் கிளிப்பும் சில நூறு ரூபாயில் முடியும். பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால் ஆயிரக்கணக்கில் ஆகும். வண்டி நிற்கும் நாட்களின் வாடகையும் போகும். ஒற்றை வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு இந்த வேறுபாடு ஒரு மாதத் தவணை.

எந்த சிலிண்டர்?

காற்று இல்லை, ஃபில்டர் புதிது, அதில் தேங்கிய நீரும் வடிக்கப்பட்டது, இருந்தும் தட்டு விடுகிறது என்றால் நாசிலைச் சந்தேகிக்கலாம். ஐடிலிங்கில் ஒரு முறைக்குச் செலுத்தப்படும் டீசல் சில கன மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு நாசில் பீய்ச்சாமல் சொட்டினால், அந்தச் சிறு அளவில் வேறுபாடு பெரிதாகத் தெரியும். சாலையில் ஓடும்போது அதே வண்டி ஒழுங்காக இழுக்கும்.

இயந்திரம் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலின் யூனியன் நட்டையும் ஸ்பேனரால் சற்றே தளர்த்திப் பார்ப்பது பட்டறை வழக்கம். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் ஓட்டம் இன்னும் மோசமாகும். ஏற்கெனவே சோர்ந்த சிலிண்டரைத் தளர்த்தினால் ஒலியில் மாற்றம் இராது, குறை அங்கேதான். இதைப் பழக்கமுள்ள மெக்கானிக் செய்ய வேண்டும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும் காயம் அது. கண்ணாடி அணியாமல், துணி சுற்றாமல் செய்யக்கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் செல்லும் காமன் ரெயில் வண்டிகளில் இந்தச் சோதனையை எக்காரணம் கொண்டும் செய்யலாகாது.

நாசிலும் சரி என்றால் டப்பெட் இடைவெளி, பிறகு கம்ப்ரஷன். பம்பு கடைசியில். பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியது. ஆனாலும் பழைய மெக்கானிக்குகளுக்கு அது இன்றும் 'மைக்கோ பம்பு'தான். டீசல் சுத்தமாகப் போகும்வரை நெடுங்காலம் உழைக்கும் பொருள் அது.

மூலக்கோளாறு தீர்ந்த பிறகே திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் இயந்திரம் நன்கு சூடேறியபின்.

பெட்ரோல், கேஸ் வண்டிகள்

இங்கே கணக்கு வேறு. பழைய டீசல் இயந்திரத்தில் காற்று தடையின்றிப் போகும்; வேகத்தை எரிபொருளின் அளவே தீர்மானிக்கிறது. பெட்ரோல் இயந்திரத்தில் த்ராட்டில் தகடு காற்றை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் தகட்டுக்கு அப்பால் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. அங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலோ கேஸ்கட் கசிந்தாலோ கணக்கில் வராத காற்று நுழையும். தகடு மூடியிருந்தும் வேகம் ஏறும். கலவையில் பெட்ரோல் குறைவதால் ஓட்டமும் சீர்கெடும். டீசலில் அரிதாக நடப்பது இங்கே வழக்கம்: ஒரே கசிவு இரண்டு குறிகளையும் தருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது பிரேக் பூஸ்டர் ஹோஸ். பிரேக்கை மிதிக்கக் கால் வலி எடுத்து, மிதிக்கும்போது ஐடிலிங்கும் மாறினால் வண்டியை வெளியே எடுக்காமல் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மற்ற ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் நெரித்துப் பார்க்கலாம். எதை நெரித்தால் வேகம் இறங்குகிறதோ அங்கே கசிவு. சூடான இயந்திரத்தின் மேல் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிக் கசிவு தேடும் பழக்கம் தீயை வரவழைக்கும். சோப்பு நீர் போதும்.

குளிர்ந்த இயந்திரம் சற்று வேகமாக ஓடுவது இயல்பு. சூடேறியும் இறங்கவில்லை என்றால் சோக் மாட்டியிருக்கிறதா, ஐடில் வால்வில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் வெந்நீர் பட்டு மூடும் வகை வால்வு என்றால், நீர் குறைந்தாலே அது மூடாமல் நின்றுவிடும்.

வேகம் தானாக ஏறினால்

டீசல் வண்டியில், யாரும் மிதிக்காமலே வேகம் ஏறிக்கொண்டே போய், நீலமோ வெள்ளையோ அடர்ந்த புகை கிளம்பினால் அது ஐடிலிங் கோளாறு அன்று. தேய்ந்த இயந்திரம் தன் ஆயிலையே காற்றுக்குழாய் வழியாக உறிஞ்சி எரிக்கிறது. சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனெனில் அது எரிப்பது டாங்கிலுள்ள டீசலை அல்ல. டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழு பலத்துடன் மிதித்து, கிளட்ச்சைச் சட்டென்று விட்டு இயந்திரத்தைத் திணறடித்து அணைக்க வேண்டும். முடியாவிட்டால் ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். முன்னறிகுறி ஆயில் குச்சியில் தெரியும். ஊற்றாமலே அளவு கூடி, முகர்ந்தால் டீசல் வாடை வந்தால், பம்பு வழியாக டீசல் ஆயிலில் கலக்கிறது. அந்த வண்டியைக் கிளப்பக் கூடாது. இழுத்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போக வேண்டும்.