காற்றை எடுத்துவிட்டால் கருவாடு கெடாதா?

முத்துக் குளிப்பவர்கள் மூச்சை அடக்கிக் கடலில் இறங்கிய ஊர் தூத்துக்குடி. அங்கே கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டில்.

முத்துக் குளிப்பு நின்றாலும் மீன்பிடிப்பு நிற்கவில்லை. சாளை, நெத்திலி, சீலா என்று மீன்கள் கரைக்கு வருகின்றன. வெயிலுக்கும் உப்புக்கும் பஞ்சம் இல்லை. பிறகு கருவாட்டுக்கு என்ன குறை!

அந்தக் கருவாட்டைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி? வெளியூரில் இருக்கும் மகளுக்கு, வாடை வெளியே வராமல் கொடுத்து அனுப்புவது எப்படி?

அதற்கு ஒரு சிறிய எந்திரம் இருக்கிறது. கடையில் "வாக்குவம் சீலர்" என்று கேட்டால் தருவார்கள். பையில் உள்ள காற்றை அது உறிஞ்சி எடுக்கும். பிறகு சூடு கொடுத்துப் பையின் வாயை ஒட்டிவிடும்.

காற்று செய்யும் கேடு

சாளை கொழுப்பு நிறைந்த மீன். அந்தக் கொழுப்பில் காற்று பட்டால் கருவாடு மஞ்சளாகும். காறல் வாடை வீசும். பூசணம் வளரவும் வண்டு வாழவும் காற்று வேண்டும். காற்றை எடுத்தால் இந்தத் தொல்லைகள் குறையும்.

மலிவானது போதுமா?

வீட்டுக்கு மலிவான எந்திரமே போதும். ஆனால் வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

பை: மலிவான எந்திரங்களில் பலவற்றுக்கு, உள்பக்கம் வரிவரியாக இருக்கும் தனிப் பை வேண்டும். சாதாரணப் பையில் காற்று சரியாக வெளியேறாது. ஆகவே, எந்திரத்தின் விலையோடு பையின் விலையையும் கேளுங்கள். எந்திரம் ஒருமுறை செலவு. பையோ ஓயாத செலவு!

பொத்தான்: காற்றை எடுக்காமல் ஒட்ட மட்டும் தனிப் பொத்தான் இருக்கவேண்டும். தூத்துக்குடி மக்ரூனைப் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சினால், அது நொறுங்கித் தூளாகிவிடும்!

தட்டு: பச்சை மீனில் இருந்து நீர் வடியும். அது எந்திரத்துக்குள் போகாமல் தடுக்கத் தட்டு வேண்டும். அந்தத் தட்டைக் கழற்றிக் கழுவ முடியவேண்டும்.

ரப்பர்: மூடியில் உள்ள ரப்பர் நாளடைவில் தேயும். மாற்று ரப்பர் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மீன் முள் பையைக் குத்திவிடும். முள் உள்ள பக்கத்தைக் காகிதத்தால் சுற்றிப் பையில் போடுங்கள்.

செலவு இல்லாத வழி

எந்திரம் வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். அழுத்தி மூடும் "ஜிப்" பையில் மீனைப் போடுங்கள். வாயை மட்டும் மேலே விட்டு, பையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் மெதுவாக இறக்குங்கள். தண்ணீர் அழுத்தக் காற்று மேலே வந்துவிடும். உடனே வாயை மூடிவிடுங்கள். பிரீசரில் வைக்கும் மீனுக்கு இதுவே நல்ல உதவி.

எச்சரிக்கை!

"காற்றுதான் இல்லையே! மீனை வெளியே வைத்தால் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். அது பெரிய ஆபத்து!

காற்று இல்லாத இடத்தில்தான் வளரும் கிருமி ஒன்று உண்டு. "பாட்டுலினம்" என்பது அதன் பெயர். அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி, மூச்சையே நிறுத்திவிடும். உணவில் கெட்ட வாடை இல்லாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம்.

ஆகையால், காற்றெடுத்த பச்சை மீனைப் பிரீசரில், பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் வையுங்கள். சமைக்கும் நாளில், பையைத் திறந்துவிட்டுப் பிரிட்ஜில் வைத்துப் பனி இளகவிடுங்கள்.

அரைகுறையாகக் காய்ந்த கருவாட்டையும், உரித்த பூண்டையும் காற்றெடுத்து வெளியே வைக்கவே கூடாது. நன்றாக உப்பிட்டு, ஈரம் போகக் காய்ந்த கருவாட்டையே பையில் போடவேண்டும்.

காயவைப்பது வெயிலின் வேலை. குளிரவைப்பது பிரிட்ஜின் வேலை. இந்த வேலைகளை எந்திரம் செய்யாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால், மலிவான எந்திரமும் பலன் தரும்!