சுமைக்குப் பின்னால் தெரிய வேண்டும் சிவப்பு விளக்கு!
சைக்கிளுக்குக் குறைந்த செலவில் பின்விளக்கு: எதை வாங்கலாம், எங்கே மாட்டலாம்?

மார்கழி மாத அதிகாலை நான்கரை மணி. கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, சொசைட்டிக்குப் போகும் சைக்கிள் ஊர்ச் சாலையிலிருந்து திரும்பி மெயின் ரோட்டில் ஏறுகிறது. பனி மூட்டம். தெருவிளக்கு ஊர் எல்லையோடு முடிந்துவிட்டது. பின்னால் காய்கறி ஏற்றிய வேன் ஒன்று சந்தைக்கு விரைகிறது. அந்த ஓட்டுநரின் கண்ணில் சைக்கிள் எப்போது படும்? உயிரும் உடம்பும் தப்புவது அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

பால் ஊற்றப் போகிறவர்கள், பூ பறிக்கக் கிளம்புகிறவர்கள், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் மோட்டார் போடப் போகிறவர்கள், டியூஷன் முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பிள்ளைகள் என கிராமத்தில் இருட்டு நேரத்தில் சைக்கிள் மிதிப்பவர்கள் ஏராளம். இவர்களில் பலருடைய சைக்கிளில் பின்விளக்கு கிடையாது. முன்பெல்லாம் விளக்கு இல்லாமல் வந்தால் போலீஸ்காரர் நிறுத்தி, டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தப் பயம் போனதும் விளக்கும் போய்விட்டது. வண்டிகளின் வேகம் மட்டும் கூடிவிட்டது.

50 மீட்டர் கணக்கு

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். எதிரே ஏதோ இருக்கிறது என்று ஓட்டுநர் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னும் 20 முதல் 25 மீட்டர் வேண்டும். மொத்தம் சுமார் 50 மீட்டர். ஈரச் சாலை, பாரம் ஏற்றிய லாரி என்றால் இன்னும் அதிகம்.

ஹெட்லைட்டை டிம் செய்துகொண்டு வரும் ஓட்டுநருக்கு, கறுத்த சட்டையும் சேறு படிந்த சைக்கிளும் பல நேரம் அந்த 50 மீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரியும். எதிரே இன்னொரு வண்டி வந்து கண் கூசினால் அதுவும் இல்லை. ஆனால், சிறிய சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தால் 200 மீட்டருக்கு அப்பாலேயே கண்ணில் பட்டுவிடும். அந்த 200 மீட்டரைக் கடக்க வண்டிக்குப் பன்னிரண்டு விநாடி ஆகும். வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போக அது தாராளமான நேரம்.

ரிஃப்ளெக்டர் மட்டும் போதாதா?

புது சைக்கிளில் பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர்கள் வருகின்றன. இவற்றின் தரத்துக்காக மத்திய அரசு 2020-ல் தனி ஆணையே பிறப்பித்தது. ரிஃப்ளெக்டருக்கு செல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். கட்டாயம் இருக்க வேண்டிய பொருள்தான். ஆனால், அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வண்டியின் ஹெட்லைட் நேராக அதன்மேல் விழுந்தால்தான் பளிச்சிடும். மட்கார்டு வளைந்து ரிஃப்ளெக்டர் தரையைப் பார்த்தாலோ, சாணமும் சேறும் மூடியிருந்தாலோ பயனில்லை. விளக்கே போடாமல் வரும் பைக்குக்கு அது தெரியாது.

ஆகவே இரண்டும் வேண்டும். லாரிகளின் பின்புறம் ஒட்டுகிற சிவப்பு ஒளிர் பட்டை வண்டி உதிரிபாகக் கடைகளில் துண்டாகவும் கிடைக்கும். அதில் ஒரு சாண் வாங்கி மட்கார்டிலும் பால் கேனின் பின்பக்கத்திலும் ஒட்டிவிட்டால், மிகக் குறைந்த செலவில் பாதுகாப்பு கூடும்.

கடையில் கிடைக்கும் நான்கு வகை

டைனமோ விளக்கு: டயரில் உரசி ஓடும் பழைய முறை. வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட். இதில் முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட். செல் செலவே இல்லை என்பது இதன் பெரிய நன்மை. மிதிக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும். மழையில் டயர் நனைந்தால் டைனமோ வழுக்கும். சைக்கிள் நின்றால் விளக்கும் அணையும். சாலையைக் கடக்கக் காத்து நிற்கும்போதுதான் விளக்கு மிகவும் தேவை என்பதை மறக்கக் கூடாது.

பட்டன் செல் விளக்கு: இருப்பதிலேயே விலை குறைவு. ரப்பர் வளையத்தால் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் சிஆர்2032 என்ற தட்டையான செல் இரண்டு போட வேண்டும். வெளிச்சம் சுமார். செல் தீர்ந்தால் கிராமத்துப் பெட்டிக்கடையில் கிடைப்பது அரிது. விளக்கின் விலையை செல்லின் விலையே சீக்கிரம் தாண்டிவிடும்.

பென்சில் செல் விளக்கு: டிவி ரிமோட்டில் போடும் சிறிய செல் இரண்டில் எரிவது. செல் எல்லா ஊரிலும் கிடைக்கும். மின்சாரம் இல்லாத களத்துமேட்டில்கூட மாற்றிக்கொள்ளலாம். எப்போதாவது இருட்டில் போகிறவர்களுக்கு இதுவே தோது.

சார்ஜ் ஏறும் விளக்கு: செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் போடலாம். வெளிச்சம் நன்றாக இருக்கும். தினமும் பால் ஊற்றப் போகிறவர்களுக்கு நாளடைவில் இதுதான் மலிவு. சார்ஜ் போட மறந்தால் நடுவழியில் அணைந்துவிடும் என்பதுதான் குறை. உள்ளே இருக்கும் பேட்டரி சில வருடங்களில் பலம் இழக்கும். பெரும்பாலான விளக்குகளில் அதை மாற்ற முடியாது.

மாதச் செலவைப் போட்டுப் பாருங்கள்

விளக்கின் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். தினமும் ஒரு மணி நேரம் எரித்தால் மாதம் 30 மணி நேரம். ஒரு ஜோடி பென்சில் செல் 30 ரூபாய், அது 60 மணி நேரம் எரியும் என்று வைத்துக்கொண்டால், மாதச் செலவு 15 ரூபாய், வருடத்துக்கு 180 ரூபாய். அதே விளக்கை வாரம் ஒரு நாள் மட்டும் எரித்தால் வருடச் செலவு 26 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எரியும் நேரத்தைப் பார்த்து, செல் விலையைக் கேட்டு, இப்படி ஒரு கணக்குப் போட்டால் எது கட்டுப்படியாகும் என்பது தெரிந்துவிடும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மின்னும்போது எரியும் நேரம். நிலையாக எரியும் நேரம் அதைவிடக் குறைவு.

எங்கே மாட்டுவது?

பலரும் தவறுவது இங்கேதான். கடையில் வரும் விளக்குகள் சீட்டுக்குக் கீழே உள்ள கம்பியில் மாட்டும்படி செய்யப்பட்டவை. பட்டணத்தில் கேரியரே இல்லாத சைக்கிளுக்கு அது சரி. கேரியரில் புல்லுக்கட்டோ, தவிட்டு மூட்டையோ, காய்கறிக் கூடையோ ஏறிவிட்டால் சீட் கம்பியில் எரியும் விளக்கு யாருக்கும் தெரியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் மூட்டைக்குப் பின்னால் வருகிறவருக்கு அது எரிகிற விளக்கே அல்ல.

சுமை ஏற்றும் சைக்கிளுக்கு விளக்கின் இடம் கேரியரின் பின்முனை. கேரியர் கம்பியில் பழைய டியூபை வெட்டிச் சுற்றி, அதன்மேல் விளக்கை கேபிள் டை போட்டு இறுக்கினால் ஆடாது. சுமை கேரியருக்கு வெளியே நீட்டிக்கொண்டோ, கீழே தொங்கிக்கொண்டோ இருந்தால் அந்த இடமும் மறையும். அப்போது விளக்கைக் கழற்றி, சுமை கட்டிய கயிற்றிலேயே, கட்டின் கடைசி முனையில் மாட்ட வேண்டும். அதனால், கிளிப் உள்ள, கையால் கழற்றி மாட்டக்கூடிய விளக்காகப் பார்த்து வாங்குவது நல்லது. விளக்கு வானத்தையோ தரையையோ பார்க்காமல், நேராகப் பின்பக்கம் பார்க்க வேண்டும்.

கழற்றும் விளக்கில் இன்னொரு வசதியும் உண்டு. சைக்கிளைச் சந்தையில் நிறுத்தும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் திருட்டுப் போகாது.

கடையில் சோதிக்க வேண்டியவை

* விளக்கை எரியவிட்டு, கடை வாசலில் இருந்து 50 அடி தூரம் நடந்து போய்ப் பாருங்கள். நேராகப் பார்த்தால் மட்டுமல்ல, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் தெரிய வேண்டும். வளைவில் வரும் வண்டிக்கு அப்படித்தான் தெரியும்.
* நிறம் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். நீலம், பச்சை, பல வண்ணம் மாறி மாறி மின்னுவது, தரையில் லேசர் கோடு போடுவது எல்லாம் அழகுக்குத்தான்.
* கையில் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். மேடு பள்ளத்தில் அணைந்து போகும் விளக்கு கடையிலேயே அணைந்து காட்டிவிடும்.
* செல் மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா, சார்ஜ் போடும் துளைக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையைத் தாங்காது.
* நிலையாகவும் எரிய வேண்டும், மின்னவும் வேண்டும். சந்தடி உள்ள டவுன் சாலையில் மின்னும் விளக்கு சீக்கிரம் கவனத்தை இழுக்கும். கும்மிருட்டான கிராமச் சாலையில் நிலையாக எரிந்தால்தான் தூரத்தைச் சரியாகக் கணிக்க முடியும்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை ஈரத்துணியால் விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் துடைத்தாலே வெளிச்சம் கூடும். நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் செல்லை வெளியே எடுத்து வைக்க வேண்டும். உள்ளேயே விட்டால் கசிந்து தகடுகளை அரித்துவிடும். பழைய செல் ஒன்று, புது செல் ஒன்று என்று கலந்து போடக் கூடாது. சார்ஜ் விளக்கை இரவு செல்போனுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சார்ஜ் போடும் வழக்கம் வந்துவிட்டால் மறதி வராது.

குழந்தைகள் இருக்கும் வீடா? பட்டன் செல்லில் கவனம் தேவை. அதைக் குழந்தை விழுங்கி, தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல், உடனே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். தீர்ந்துபோன செல்லும் ஆபத்துதான். மாற்றியதும் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

டைனமோவில் பின்பல்பு அடிக்கடி ஃப்யூஸ் ஆவது ஏன்?
முன்பல்பு ஃப்யூஸ் ஆனாலோ, அதன் ஒயர் அறுந்தாலோ, டைனமோவின் மின்சாரம் முழுவதும் சிறிய பின்பல்புக்குப் போய் அதையும் எரித்துவிடும். முன்பல்பையும் ஒயரையும் முதலில் சரிபார்க்க வேண்டும். எல்இடிக்கு மாற்றுவதாக இருந்தால் சைக்கிள் டைனமோவுக்கென்று செய்த பின்விளக்கையே கேட்டு வாங்க வேண்டும். டைனமோவில் வருவது ஏசி மின்சாரம். சாதாரண எல்இடி பல்பை நேரடியாகக் கொடுத்தால் கெட்டுப்போகும்.

பைக்கின் பின்விளக்கை சைக்கிளில் பொருத்தலாமா?
அது 12 வோல்ட் பேட்டரிக்குச் செய்யப்பட்டது. 6 வோல்ட் டைனமோவில் சரியாக எரியாது. அதற்காகத் தனி பேட்டரி வைத்தால் செலவும் பாரமும்தான் மிச்சம்.

கையில் இருக்கும் டார்ச்சைப் பின்னால் கட்டிக்கொள்ளலாமா?
வெள்ளை வெளிச்சம் பின்பக்கம் தெரிந்தால், எதிரே வண்டி வருகிறது என்று ஓட்டுநர் குழம்பிவிடுவார். அவசரத்துக்கு டார்ச்சின் கண்ணாடியில் சிவப்பு பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டிக்கொண்டு போகலாம். அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளின் சைக்கிளுக்கும் உண்டா?

பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள், படிப்பு முடிந்த பிறகும் பல வீடுகளில் வயலுக்கும் கடைக்கும் போய்வர உழைக்கிறது. அந்த சைக்கிளுக்கும் ஒரு விளக்கு வேண்டும். பிள்ளைகள் முதுகில் புத்தகப் பை இருப்பதால் சீட் கம்பியில் மாட்டிய விளக்கு மறைவதில்லை. கேரியரில் தங்கையையோ தம்பியையோ ஏற்றினால் மறைந்துவிடும். அவர்களுக்கும் கேரியர் முனைதான் சரியான இடம்.

விளக்கை மாட்டி முடித்த அன்றே இருட்டியதும் ஒரு சோதனை செய்யலாம். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றி, வீட்டில் ஒருவரை சைக்கிளைப் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு, சாலையோரமாகப் பின்பக்கம் 200 தப்படி நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். சிவப்புப் புள்ளி தெளிவாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் விளக்கை இடம் மாற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். பின்னால் வரும் ஓட்டுநருக்கு என்ன தெரியும் என்பதை அவர் வருவதற்கு முன்பே பார்த்துவிட இதைவிடச் சுலபமான வழி இல்லை.