லயத்து வாசலில் ஒரு படம்

அன்று பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் படம் பிடிக்க வேண்டுமென்றால் டவுனுக்குத்தான் போக வேண்டும். பசறையிலிருந்தும் ஸ்பிரிங்வெளியிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள், ஸ்டூடியோவில் பூந்தோட்டமோ மாளிகையோ தீட்டிய திரைக்கு முன் விறைப்பாக நிற்பார்கள். நெகட்டிவைக் கழுவிப் பிரதி போடும்வரை காத்திருப்பார்கள். கலியாணப் படத்துக்காகப் போனார்கள், கடதாசிக்காகவும் போனார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. கப்பலேற வேண்டியவர்களுக்குக் கடவுச்சீட்டும் அதில் ஒட்டப் படமும் தேவைப்பட்டன.

அந்தப் படங்கள் எதிலும் லயம் இல்லை. கேமரா வாங்க வசதியில்லாதது ஒரு காரணம், வெளிச்சம் இன்னொன்று. காம்பராவுக்குள் நின்று வாசலை நோக்கி எடுத்தால் ஆளின் முகம் கறுத்துவிடும். முகம் தெரிய வெளிச்சத்தைக் கூட்டினால் பின்னாலிருக்கும் தேயிலை மலை வெளுத்து மறைந்துவிடும்.

இந்த வெளிச்சச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் ஸ்ரீ நாயர். ராஞ்சியை அடுத்த மேஸ்ராவில் பொறியியல் படித்து 1984இல் பட்டம் பெற்றவர். 1990இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 2000இல் சோனி நிறுவனத்தின் டொமோ மிட்சுநாகாவுடன் சேர்ந்து ஒரு வழி சொன்னார். கேமராச் சில்லிலுள்ள புள்ளிகளெல்லாம் ஒரே அளவு ஒளியை வாங்க வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கூடவும் குறையவும் வாங்கட்டும். கூட வாங்குபவை இருட்டைப் பார்க்கும், குறைய வாங்குபவை வெயிலைப் பார்க்கும். இரண்டையும் கணக்கிட்டு ஒரே படமாக்கலாம். இன்று பல கைபேசிகள் இந்த வழியில் எடுக்கின்றன. வேறு சில, அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒன்றாக்குகின்றன.

இன்று கொழும்புக் கடையில் நிற்கும் அண்ணனுக்கும் மத்திய கிழக்கில் வேலைசெய்யும் அம்மாவுக்கும் காம்பரா வாசலில் நிற்கும் பிள்ளையின் படம் அந்த நிமிடமே போகிறது. பிள்ளையின் முகமும் தெரிகிறது, மலையும் தெரிகிறது. ஒழுகும் தகரமும் வெடித்த சுவரும்கூடத் தெரிகின்றன. ஸ்டூடியோத் திரை மறைத்ததைக் கைபேசி காட்டிவிடுகிறது.

அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. உங்கள் லயத்துக்கு மேலே நிலம் வெடித்தால், மரம் சாய்ந்தால், முதலில் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்தே படம் பிடித்து, திகதியும் இடமும் எழுதி, கிராம அலுவலருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.