கேட்குது, ஆனா போகல: படகு வயர்லெஸ் செட்டுக்குள் என்ன நடக்கிறது?

“எல்லாரும் பேசுறது எனக்குக் கேக்குது. நான் பேசுறதுதான் ஒருத்தருக்கும் போகல.” வயர்லெஸ் செட்டைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் வரும் விசைப்படகுக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார் இது. இந்த ஒரு வரியிலேயே பழுதின் பாதி முகவரி இருக்கிறது. செட்டுக்குக் கரண்ட் வருகிறது, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ஆன்டெனா ஓரளவுக்காவது வேலை செய்கிறது, ரிசீவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மிச்சமிருப்பது மைக்கில் தொடங்கி ஆன்டெனா வரை போகும் டிரான்ஸ்மிட்டர் பாதை மட்டும். (இந்தக் கணக்கு ஏமாற்றுகிற ஓர் இடமும் உண்டு. அது பின்னால் வரும்.)

கடலில் பயன்படும் வி.எச்.எஃப். செட்டுகள் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்குகின்றன. 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் சானல் 16, உலகம் முழுவதும் ஆபத்துக்கும் அழைப்புக்கும் ஒதுக்கப்பட்டது. சானல் 70-இல் யாரும் பேசுவதில்லை; சிவப்புப் பட்டனை அழுத்தினால் போகும் டிஜிட்டல் அபாய அழைப்புக்கு உரியது அது. படகில் பொருத்தும் செட்டின் உச்ச சக்தி 25 வாட். சானல் 16-இல் பேசுவதும் கேட்பதும் ஒரே அதிர்வெண்ணில் நடப்பதால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் முடியும். பட்டனை அழுத்தினால் பேச்சு, விட்டால் கேட்பு.

ஆக, ஒரே பெட்டிக்குள் இரண்டு இயந்திரங்கள். பேட்டரி இணைப்பு, ஆன்டெனா, கேபிள், அதிர்வெண்ணை உண்டாக்கும் பகுதி ஆகியவை இரண்டுக்கும் பொது. மற்றவை தனித்தனி. எது பொது, எது தனி என்று தெரிந்துகொண்டால், பழுது பார்ப்பதில் முக்கால்வாசி தெரிந்த மாதிரி.

குரல் போகும் வழி

மைக் தருவது சில மில்லிவோல்ட் மின்னழுத்தம்தான். அது முதலில் பெருக்கப்படுகிறது. பிறகு ஒரு வரம்புக்கு மேல் போகாதபடி அதன் தலை வெட்டப்படுகிறது. 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சொலிகள் வடிகட்டப்படுகின்றன. கத்திப் பேசினால் தூரம் போகும் என்ற நம்பிக்கை படகுகளில் பரவலாக உண்டு. உண்மையில், கத்தக் கத்த அந்த வரம்புச் சுற்று வெட்டிக்கொண்டே போகும். எதிர்முனையில் குரல் உடைந்து கேட்குமே தவிர, ஒரு மீட்டர்கூடக் கூடுதலாகப் போகாது. மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, சாதாரணமாகப் பேசினாலே போதும்.

இப்படிச் சீராக்கிய குரல், ‘வி.சி.ஓ.’ எனப்படும் அலையியற்றிக்குப் போகிறது. மின்னழுத்தம் மாறினால் அதிர்வெண் மாறுகிற சுற்று இது. குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப 156.8 மெகாஹெர்ட்ஸ் அலை இருபுறமும் அதிகபட்சம் 5 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது. எஃப்.எம். என்பது இதுதான். வி.சி.ஓ. தன்போக்கில் அலையாதபடி, ஒரு படிகத்தின் துல்லியமான அதிர்வோடு ஒப்பிட்டு அதை இழுத்துப் பிடித்திருக்கும் சுற்று ‘பி.எல்.எல்.’ இந்தப் பிடி விட்டுப்போனால், பிறர் சானலில் அலை போய் விழாதபடி செட்டே டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடும்.

அங்கிருந்து வரும் மிகச் சிறிய அலையைப் படிப்படியாகப் பெருக்கி, கடைசியில் ஒரு பவர் மாட்யூல் 25 வாட் ஆக்குகிறது. வெப்பத்தைக் கடத்தும் பசை தடவி, செட்டின் பின்பக்க அலுமினியத்தோடு திருகி வைத்திருப்பார்களே, அந்தச் சிறு பட்டைதான் அது. பசை காய்ந்துபோன செட்டுகளில் முதல் அரை நிமிடம் பேச்சு நன்றாகப் போகும். சூடு ஏற ஏறச் சக்தி இறங்கும்.

மாட்யூலுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே இருக்கிறது மாற்றுச் சுவிட்ச். ரயில் பாதையில் தடம் மாற்றும் பாயிண்ட் போல, பட்டனை அழுத்தினால் ஆன்டெனாவை டிரான்ஸ்மிட்டர் பக்கமும் விட்டால் ரிசீவர் பக்கமும் திருப்பிவிடும். பார்க்க அற்பமான இரண்டு மூன்று டயோடுகள்தான். ஆனால் அவை தாங்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். 50 ஓம் ஆன்டெனாவில் 25 வாட் என்றால் சுமார் 35 வோல்ட். அதே ஆன்டெனா வழியே வரும் பலவீனமான குரலை ரிசீவர் கேட்பதற்குக் கால் மைக்ரோவோல்ட் போதும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 14 கோடி மடங்கு வித்தியாசம். டயோடு ஒன்று பழுதாகி, டிரான்ஸ்மிட்டர் சக்தி ரிசீவர் பக்கம் கசிந்தால் முதல் டிரான்சிஸ்டர் அங்கேயே காலி. “பேசுறது போகுது, பக்கத்துப் படகு மட்டும்தான் கேக்குது” என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதை இருக்கும்.

குரல் வரும் வழி

ரிசீவரின் வேலை இதைவிடக் கடினமானது. 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கும் சானல்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். 156.8 மெகாஹெர்ட்ஸிலேயே அவ்வளவு கூர்மையான வடிகட்டி செய்வதும், ஒவ்வொரு சானலுக்கும் அதை நகர்த்துவதும் நடக்கிற காரியமில்லை. அதற்கு வழி கண்டவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் சார்பில் பாரிஸில் இருந்தபோது, 1918-இல் அவர் வகுத்த ‘சூப்பர்ஹெட்டரோடைன்’ முறையில்தான் இன்றைய படகு செட்டும் கேட்கிறது. எந்தச் சானலாக இருந்தாலும் அதை ஒரே நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்று. வடிகட்டியை அங்கே ஒரே ஒரு தடவை நன்றாகச் செய்துகொள். அவ்வளவுதான் சூட்சுமம். நாம் பேசும் எஃப்.எம். முறையும் அதே மனிதர் 1933-இல் காப்புரிமை பெற்றதுதான்.

உதாரணத்துக்கு, இடைநிலை அதிர்வெண் 21.4 மெகாஹெர்ட்ஸ் உள்ள ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். சானல் 16-இல் கேட்கும்போது, வி.சி.ஓ. 135.4 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும். வந்த 156.8-ஐயும் இதையும் மிக்சரில் கலந்தால், வித்தியாசமான 21.4 கிடைக்கிறது. இதில் ஒரு சிக்கல்: 114 மெகாஹெர்ட்ஸில் வரும் அலைக்கும் 135.4-க்கும் வித்தியாசம் அதே 21.4தான். விமானங்களுக்கு வழிகாட்டும் நிலையங்கள் இயங்கும் பகுதி அது. அதைத் தடுக்கத்தான் மிக்சருக்கு முன்னாலேயே ஒரு வடிகட்டி காவல் இருக்கிறது. பிறகு இன்னொரு முறை கலந்து 455 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, வடிகட்டி, அலையின் உயர ஏற்றத்தாழ்வுகளையெல்லாம் சீவிவிட்டு, அதிர்வெண் நகர்வை மட்டும் குரலாக மாற்றுகிறது செட். மின்னல், இன்ஜின் பொறி ஆகியவற்றின் கரகரப்பு பெரும்பாலும் அலையின் உயரத்தில்தான் ஏறி உட்காரும். அந்தச் சீவலில் அதுவும் பெரும்பாலும் போய்விடுகிறது.

குரல் எதுவும் வராத நேரத்தில் ‘ஷ்ஷ்ஷ்’ என்று கேட்கும் இரைச்சலை அடக்கி வைப்பது ஸ்குவெல்ச். அந்த இரைச்சல் எரிச்சலூட்டும்தான். ஆனால் பழுது பார்ப்பவருக்கு அதைப்போல உதவும் கருவி இல்லை. காசும் செலவில்லை. ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிடுங்கள். இரைச்சல் பலமாக வந்தால் இடைநிலைப் பகுதியிலிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் சரி. பழுது ஆன்டெனா, கேபிள், முதல் டிரான்சிஸ்டர், மிக்சர், வி.சி.ஓ. பக்கம். இரைச்சலே இல்லையென்றால் ஸ்பீக்கர், ஒலிபெருக்கிப் பகுதி, வால்யூம் கண்ட்ரோல் என்று பின்னாலிருந்து தேட வேண்டும்.

ஏமாற்றும் வயர்

இப்போது, முதலில் சொன்ன விதிவிலக்கு. கேட்கும்போது செட் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. 25 வாட்டில் பேசும்போது சுமார் 5.5 ஆம்பியர். ஃபியூஸ் ஹோல்டரில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்து, அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது 0.2 வோல்ட்தான் இழப்பு, எதுவும் தெரியாது. பட்டனை அழுத்தியதும் 2.75 வோல்ட் அங்கேயே போய்விடும். பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தாலும் செட்டுக்கு 9.6தான் கிடைக்கும். பெரும்பாலான செட்டுகளுக்கு 11.7 வோல்ட்டாவது வேண்டும். திரை மங்கும், செட் அணைந்து அணைந்து எரியும், அல்லது சத்தமில்லாமல் சக்தி குறைந்துவிடும். டிரான்ஸ்மிட்டரில் ஒரு குறையும் இருக்காது. நல்ல மாட்யூலைக் கழற்றி வேறு மாட்யூல் போட்டுக் காசை வீணாக்குவது பல நேரம் இங்கேதான்.

மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. செட்டின் பின்னால் வயர் நுழையும் இடத்தில் வைத்து, பட்டனை அழுத்தியபடி அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கினால், சிவப்பு வயர், கருப்பு வயர் இரண்டையும் பேட்டரி வரை தேடிப் போங்கள். கருப்பு வயரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த சந்தேகம் எப்போதும் ஆன்டெனா, கேபிள் மேல்தான் விழ வேண்டும். என்னைக் கேட்டால், செட்டின் மூடியைத் திறக்க எடுத்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கேபிள் நுனியில் இருக்கும் கனெக்டரை முதலில் கழற்றிப் பாருங்கள் என்பேன். உள்ளே பச்சையாகவோ கருப்பாகவோ இருந்தால், கேபிளின் செம்புப் பின்னல் வழியே தண்ணீர் ஏறியிருக்கிறது. பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டித் தள்ளிவிட்டுப் புது கனெக்டரைச் சால்டர் வைக்க வேண்டும். அதன் மேல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுவது நல்லது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைப் பூசாதீர்கள், அது செம்பை அரிக்கும். இரு நுனியையும் கழற்றிய கேபிளில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. ஆனால் ஆன்டெனாவில் மீட்டரை வைத்து ‘ஷார்ட்’ காட்டினால் உடனே தூக்கி எறிந்துவிட வேண்டாம். பல ஆன்டெனாக்களின் அமைப்பே அப்படி.

மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 10 மீட்டர் போனாலே, 25 வாட்டில் சுமார் 16 வாட்தான் மேலே போய்ச் சேரும். இருந்தாலும் வாட்டைவிட உயரம்தான் முக்கியம். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய அடிவானம் வரைதான் போகும். 4 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள இரு படகுகளுக்கு இடையே எட்டும் தூரம் சுமார் 16 கிலோமீட்டர். அதே படகு, 100 மீட்டர் உயரக் கரை நிலையத்தோடு சுமார் 49 கிலோமீட்டர் வரை பேசலாம். இதற்கு அப்பால் கேட்காமல் போனால் அது பழுதில் சேராது.

வாட் மீட்டரும், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் டம்மி லோடும் இருந்தால் வழக்கு சீக்கிரம் தீரும். டம்மி லோடில் 25 வாட் காட்டி, ஆன்டெனாவில் திரும்பிவரும் சக்தி அதிகமாக இருந்தால் செட் குற்றமற்றது. திரும்பும் அளவைச் சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றால், அனுப்பியதில் கால் பங்கு திரும்பி வருகிறது. மீட்டர் இல்லாவிட்டால் பக்கத்துப் படகே மீட்டர். அவர் ஸ்குவெல்ச்சைத் திறந்து வைக்கட்டும். நீங்கள் பட்டனை அழுத்தியதும் அவர் செட்டில் இரைச்சல் அடங்கி, குரல் மட்டும் வராவிட்டால், அலை போகிறது; பழுது மைக்கிலோ அதன் சுருள் வயரிலோதான். இரைச்சல் அடங்கவே இல்லையென்றால் அலையே கிளம்பவில்லை. பட்டனுக்கு அடியிலுள்ள சின்னச் சுவிட்சிலிருந்து தேட ஆரம்பியுங்கள். இந்தச் சோதனைகளைச் சானல் 16-இல் செய்யக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

அனுப்பும்போதும் கேட்கும்போதும் எல்லாச் சானலிலும் குரல் கரகரக்கிறதா? இரண்டுக்கும் பொதுவான படிகத்தைச் சந்தேகியுங்கள். பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினாலே 156.8 மெகாஹெர்ட்ஸில் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிப்போகும். இதைத் திருத்த அளவீட்டுக் கருவிகள் வேண்டும். கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருப்பிப் பார்ப்பவரிடம் மட்டும் செட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

பழுதே இல்லாத ‘பழுது’களும் உண்டு. 1 வாட் பட்டன் தெரியாமல் அழுந்தியிருக்கும். செட் ‘இன்டர்நேஷனல்’ நிலையில் இருக்க, சானல் 7 போன்றவற்றில் படகு 156.350-இல் அனுப்பி 160.950-இல் கேட்கும், இரண்டு படகுகள் அங்கே ஒன்றையொன்று கேட்கவே முடியாது. எல்.இ.டி. விளக்குகளும் ரிசீவரைக் கெடுக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. சோதிப்பது எளிது: அமைதியான சானலில், இரைச்சல் அடங்கும் இடத்தில் ஸ்குவெல்ச்சை நிறுத்திவிட்டு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் குற்றவாளி விளக்குதான். ஸ்குவெல்ச்சை மேலும் இறுக்கி அதை அடக்கினால், தூரத்திலிருந்து வரும் பலவீனமான உதவிக் குரலும் சேர்ந்தே அடங்கும்.

அடுத்த முறை செட்டை மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது “வேலை செய்யல” என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்கிறதா, போகிறதா, ஸ்குவெல்ச்சைத் திறந்தால் இரைச்சல் வருகிறதா, பட்டனை அழுத்தினால் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் கேபிளையும் சுருட்டி எடுத்துப் போங்கள்.