எவ்வளவு ஆகும் தம்பி?

கோவையில் ஓர் இனிப்புக் கடை முதலாளி என்று வைத்துக்கொள்வோம். ஆப் செய்து தரும் இளைஞரை வரவழைத்து, காபி கொடுத்து, அவர் கேட்பது ஒரே வரிதான்: "தம்பி, நம்ம கடைக்கு ஸ்விக்கி மாதிரி ஒரு ஆப் போடணும். எவ்வளவு ஆகும்?"

இந்த இடத்தில் வாய்க்கு வந்த தொகையைச் சொன்னால் போச்சு. பிறகு எத்தனை விளக்கம் கொடுத்தாலும் முதலாளி மனதில் அந்தத் தொகைதான் நிற்கும்.

ஸ்விக்கி என்பது ஒரே ஆப் அல்ல. வாடிக்கையாளருக்கு ஒன்று, உணவகத்துக்கு ஒன்று, வண்டியில் கொண்டுவருபவருக்கு ஒன்று. ஆர்டர்களைக் கண்காணிக்கும் அலுவலக ஏற்பாடு தனி. இவற்றில் இந்தக் கடைக்கு எது வேண்டும்? டெலிவரிக்குச் சொந்த ஆளா, கூரியரா? மைசூர்பாகு கால் கிலோ கணக்கா, பெட்டிக் கணக்கா? விலை ஏறினால் ஆப்பில் மாற்றப்போவது யார்? தீபாவளிக்கு மொத்தமாக வாங்கும் கம்பெனிகளும் ஆப்பில்தான் ஆர்டர் போடுவார்களா? "அதெல்லாம் போன்லயே பேசிக்குவோம்" என்று பதில் வந்தால் வேலையில் ஒரு பெரிய துண்டு அப்படியே கழிந்துவிடும். கேள்வி கேட்டாலே பில் ஏறும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சின்னதாகத் தெரியும் லாகினையே எடுத்துக்கொள்வோம். மொபைலுக்கு ஓடிபி எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமென்றால், தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிகளின்படி, எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனங்களுக்கான டிஎல்டி பதிவுத் தளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் செய்தி வாசகத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு. அதைக் கட்டுவது யார்? ஆப்பில் கணக்குத் தொடங்கலாம் என்றால் அதை நீக்கவும் ஆப்புக்குள்ளேயே வழி வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியிருக்கிறது. சரி, நீக்கியவரின் பழைய பில்களை என்ன செய்வது? ஜிஎஸ்டி கணக்குக்கு அவை வேண்டுமே!

கேட்க வேண்டியதைக் கேட்காமல் தொடங்கினால் அரசாங்கமே திணறும். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் வெறும் ஆறு பேர் என்பது பிறகு வெளியான உள்குறிப்புகளில் தெரிந்தது. முக்கியமான தொழில்நுட்பத் தேவைகள் என்னவென்று தெரியாத நிலையிலேயே பணி ஆணை கொடுத்திருக்கிறார்கள் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2014இல் சொன்னது. தளத்தின் மையப் பகுதிக்கு மட்டும் 2011 செப்டம்பரில் 5.6 கோடி டாலராக இருந்த தொகை, 2014 பிப்ரவரிக்குள் 20.9 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஆகிற செலவைக் கொடுத்துவிடும் ஒப்பந்தம் என்பதால் சுமை அரசின் தலையில் விழுந்தது. நம்மூரில் மொத்தமாகப் பேசி முடிக்கும் வேலையில் அது டெவலப்பர் தலையில் விழும்.

யோசனை அளவில் இருக்கும் மென்பொருளுக்கு மதிப்பீடு போட்டால், உண்மையான அளவில் கால் பங்காகவும் இருக்கலாம், நான்கு மடங்காகவும் இருக்கலாம் என்கிறார் மதிப்பீடு பற்றியே புத்தகம் எழுதிய ஸ்டீவ் மெக்கானல். அதனால்தான் சிலர் முதலில் ஓரிரு வாரத்துக்கு மட்டும் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு திரையையும் தாளில் வரைந்து தேவைப் பட்டியல் தயாரிக்கிறார்கள். "பேசறதுக்கே காசா?" என்று முதலாளி முகம் சுளிப்பார். நியாயமான எரிச்சல்தான். ஆனால் அந்தப் பட்டியல் அவருக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதை வைத்து இன்னும் நாலு பேரிடம் விலை கேட்கலாம். எல்லோரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்வார்கள்.

கோட்டேஷனில் எதெல்லாம் சேராது என்பதையும் எழுதுவது நல்லது. பண்டங்களைப் படமெடுப்பது, பெயரும் விலையும் ஏற்றுவது, ஐபோன் பதிப்பு, ஆப் வெளிவந்த பிறகான பராமரிப்பு: சண்டை வருவது பெரும்பாலும் இவற்றில்தான்.

ஸ்டோர் கணக்கு யார் பெயரில் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். கூகுள் பிளேக்கு ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடத்துக்கு 99 டாலர். டெவலப்பர் பெயரில் இருந்தால், நாளை அவரை மாற்றும்போது ஆப்பைக் கைமாற்ற அவர் தயவு வேண்டும். கடையின் நிறுவனப் பெயரில் திறப்பதற்கு, நிறுவனத்தை அடையாளம் காட்டும் டி-யு-என்-எஸ் எண் கேட்பார்கள். அது வரச் சில நாள் பிடிக்கலாம். ஆப் வெளியாகும் தேதியைக் குறிக்கும்போது அந்த நாள்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.