நீளும் மணிநேரத்தின் விலை

1955 ஆகஸ்ட் மாதம், பாரீஸ் நகரின் பழைமையான சர்க்கஸ் அரங்கம் ஒன்றில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஃபேஷன் ஒளிப்பட வரலாற்றின் உச்சங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. யானைகளுக்கு நடுவே, டியோர் நிறுவனத்தின் கரிய மாலை உடையில், வெண்ணிற இடைக்கச்சை தரையில் தவழ, கைகளை விரித்து நிற்கிறார் டொவிமா என்ற மாடல். யானைகளின் கால்களில் சங்கிலி. அந்த உடையை வடிவமைத்தவர், டியோரிடம் உதவியாளராக இருந்த 19 வயது ஈவ் சான் லோரான்.

உலகமே வியக்கும் இந்தப் படம், எடுத்தவருக்கு மட்டும் மனநிறைவைத் தரவில்லை. இடைக்கச்சை இடப்புறமாகப் பறந்து படத்தின் கோட்டை நிறைவு செய்திருக்க வேண்டும் என்று அவெடன் பின்னாளில் குறைபட்டுக்கொண்டார். 'இன்னும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்' என்ற இந்த மனநிலைதான் ஃபேஷன் படப்பிடிப்பை நடத்திச் செல்கிறது. விடாமுயற்சி என்று நாம் பாராட்டுவதும் இதைத்தான். ஆனால், அந்த 'இன்னும் ஒருமுறை'க்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது பொருளியல் கேள்வி.

படப்பிடிப்புக்கென ஒருநாள் குறிக்கப்பட்டுவிட்டால் அரங்க வாடகை, ஒப்பனையாளர், சிகை அலங்காரர், உதவியாளர்கள், பயணம் என எல்லாச் செலவும் முன்கூட்டியே உறுதியாகிவிடுகிறது. வெயில் மறைந்தாலும், தையல் பிரிந்தாலும், உடை வந்து சேரத் தாமதமானாலும் அந்தப் பணம் திரும்பாது. மாதிரி உடைகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் தைக்கப்படுகின்றன. அணிபவருக்குப் பொருந்தாவிட்டால் முதுகுப்புறம் கிளிப்புகளை மாட்டி இழுத்துப் பிடிப்பார்கள். படத்தில் அது தெரியாது. இடையூறுகள் இத்தொழிலின் அன்றாடம்.

கொட்டிய பணம் மீளாது என்பதாலேயே நிறுத்த மனம் வருவதில்லை. இன்னொரு மணிநேரம் நீட்டித்தால் ஆகும் கூடுதல் செலவைப் பொருளியலில் இறுதிநிலைச் செலவு என்போம். மாடலுக்கு நாள் கணக்கில் ஊதியம் பேசியிருந்தால், அவரைப் பொறுத்தவரை நிறுவனத்துக்கு அந்தச் செலவு சுழியம். ஒன்பதாவது மணிநேரம் இலவசமாகக் கிடைக்கும்போது, ஒன்பதாவது மணிநேரம் வேலை நடக்கத்தான் செய்யும். குளிரிலும் பசியிலும் அதன் விலையைச் செலுத்துவது மாடலின் உடல்.

பத்திரிகைகளும் வணிகமும் பருவத்துக்கு முன்னே ஓடுவதால் குளிர்கால உடைகள் கோடையிலும், கோடை உடைகள் குளிரிலும் படமாக்கப்படுகின்றன. 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் 2013 நீச்சலுடைச் சிறப்பிதழுக்காக கேட் அப்டன் அண்டார்டிகாவுக்கே அழைத்துச் செல்லப்பட்டார். கேட்கும் திறனும் பார்வையும் மங்கத் தொடங்கியதாகப் பின்னர் தொலைக்காட்சி நேர்காணலில் அவரே தெரிவித்தார். அட்டைப்படம் அழகாகவே வந்தது. அதை விடாமுயற்சியின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டு நகர என்னால் இயலவில்லை.

டொவிமாவின் நிலை வேறு. மற்ற முன்னணி மாடல்கள் மணிக்கு 25 டாலர் பெற்ற காலத்தில் அவர் 60 டாலர் பெற்றார். நிமிடத்துக்கு ஒரு டாலர் என்பதே அவரது அடைமொழியாயிற்று. மணிக்கணக்கு ஊதியத்தில் தாமதத்தின் செலவு நிறுவனத்தின் தலையில் விழுகிறது. அதனால் விளக்குகளும் உடைகளும் அவர் வருமுன்னரே ஆயத்தமாக இருக்க வேண்டியதாகிறது. திட்டமிடலுக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

ஆயினும் மணிக்கணக்கு ஊதியம் மணியோடு முடிந்துவிடுகிறது. யானைகளோடு அவர் நிற்கும் படத்தின் பெரிய அளவுப் பிரதியொன்றை 2010-இல் பாரீஸ் ஏலத்தில் 8,41,000 யூரோவுக்கு வாங்கியது அதே டியோர் நிறுவனம். டொவிமா அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1990-இல் காலமாகியிருந்தார். இறுதி ஆண்டுகளில் ஃபுளோரிடாவில் ஒரு பீட்சா உணவகத்தில் வாடிக்கையாளர்களை வரவேற்கும் பணியில் இருந்தார்.

நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜூன் 19 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஃபேஷன் தொழிலாளர் சட்டம் இந்தக் கணக்கை ஓரளவு மாற்றுகிறது. 24 மணிநேரத்தில் எட்டு மணிநேரத்துக்கு மேல் மாடலை வேலை வாங்கினால், கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும். உணவுக்கு அரைமணி நேர இடைவேளையும் தர வேண்டும். அவரது ஊதியத்தில் மேலாண்மை நிறுவனம் எடுக்கும் தரகு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இனி மழை ஓயும்வரை காத்திருப்பதா, மறுநாள் வருவதா என்று தீர்மானிப்பவர் மாடலின் நேரத்துக்கும் விலை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. செயற்கை நுண்ணறிவின் துணையோடு மாடலின் எண்ம நகலை உருவாக்கவோ பயன்படுத்தவோ வேண்டுமானால், நோக்கம், ஊதியம், கால அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு அவரிடம் தனியே எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும். நகலுக்குக் குளிராது, பசிக்காது; எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். அந்த ஒவ்வொரு முறைக்கும் உரிய பங்கு அசல் மனிதருக்குச் சேருமா என்பதை, அந்த ஒப்புதல் தாளில் எழுதப்படும் தொகையே தீர்மானிக்கும்.