சீமெந்து நிலம்: ஒருமுறை போடுவோம், ஒழுங்காகப் போடுவோம்

வீடு கட்டும்போது அத்திவாரம், சுவர், கூரை என்பவற்றுக்கே முதலில் காசு போகிறது. நிலத்தின் முறை வரும்போது கை வெறுமையாகி விடுகிறது. 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 5,50,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. வடக்கு, கிழக்கில் வீட்டுக்காரரே பொருள் வாங்கி, மேசன் பிடித்துக் கட்டினார்கள். கடன்பட்டு வேலையை முடித்தோரும் உண்டு. 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகள் இன்றும் முற்றாக விடுபடவில்லை. இனிமேல் வீடு கட்ட இருப்போர் நிலத்தைப் பற்றி முன்கூட்டியே சிந்திப்பது நல்லது.

மண் நிலமா, சீமெந்தா, ரைலா?

சாணம் மெழுகிய மண் நிலம் எமது முன்னோருக்கு உழைத்தது. ஆயினும் ஈரமும் புழுக்களும் அதில் தங்கும். மெக்சிக்கோ நாட்டின் கோஅவிலா மாநிலத்தில் 2000 ஆம் ஆண்டில் அரசு ஏழைகளின் மண் நிலங்களைச் சீமெந்து நிலங்களாக மாற்றத் தொடங்கியது. 2009 இல் வெளிவந்த ஆய்வின்படி, வீட்டு நிலம் முழுவதும் சீமெந்தானால் சிறுபிள்ளைகளின் குடற்புழுத் தொல்லை 78 வீதமும் வயிற்றோட்டம் 49 வீதமும் குறைகின்றன. எனவே சீமெந்து நிலம் ஆடம்பரம் அன்று. அது பிள்ளைகளின் சுகம்.

ரைல் அழகானது. ஆனால் ரைலுக்குக் கீழேயும் உறுதியான கொங்கிறீற் வேண்டும். கீழ் வேலை பழுதானால் ரைலும் வெடிக்கும். ஆகவே ரைலுக்காகக் கடன்படுவதிலும் பார்க்க, நல்ல சீமெந்து நிலம் போடுவதே புத்தி. வசதி வரும் காலத்தில் அதன்மேலேயே ரைல் பதிக்கலாம்.

கீழே இருப்பதே முக்கியம்

நிலம் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் கீழுள்ள மண் இறங்குவதே. அத்திவாரத்தினுள் நிரப்பும் மண்ணை ஒரே தடவையில் கொட்டக்கூடாது. 6 அங்குலத்துக்கு ஒரு படையாகப் போட்டு, நீர் தெளித்து, நன்றாக இடித்து இறுக்க வேண்டும். மரவேர், குப்பை, உமி என்பன அதில் சேரக்கூடாது. முருங்கன், துணுக்காய்ப் பகுதிகளிலுள்ள கறுப்பு மண் மாரியில் வீங்கி, கோடையில் பிளக்கும். அதைக் கொண்டு நிரப்பாமல் கிரவல் மண்ணால் நிரப்புங்கள். உங்கள் ஊரில் வெள்ளம் ஏறிய ஆகக்கூடிய மட்டத்துக்கு மேலே நிலம் இருக்க வேண்டும். இறுக்கிய மண்ணின்மேல் தடித்த பொலித்தீன் விரித்தால் ஈரம் மேலே ஏறாது.

கலவையும் அளவும்

வீட்டு அறைக்கு 3 அங்குலக் கொங்கிறீற் போதும். ஒரு பங்கு சீமெந்து, 3 பங்கு மணல், 6 பங்கு சல்லி. அதன்மேல் ஒரு பங்கு சீமெந்துக்கு 3 பங்கு மணல் சேர்த்து முக்கால் அங்குலப் பூச்சு. 10 அடிக்கு 10 அடி அறையொன்றுக்கு இரண்டுக்குமாக 50 கிலோ சீமெந்துப் பை 5 முதல் 6 வரை செல்லும். இந்தக் கணக்கை மேசனோடு பேசி முடித்த பின்பே கடைக்குப் போங்கள்.

கடல் மணல் வேண்டாம். அதன் உப்பு நிலத்தில் வெள்ளையாகப் பூக்கும். குடிக்கக்கூடிய நீரே கலவைக்கும் ஏற்றது. மணலைச் சோதிக்க ஒரு போத்தலில் மணலும் நீரும் இட்டுக் குலுக்கி வையுங்கள். 4 அங்குல மணலின்மேல் கால் அங்குலத்துக்கு மேற்பட்ட சேறு படிந்தால் அந்த மணலைக் கழுவிப் பாவியுங்கள். சீமெந்துப் பைகளைத் தரையிலும் சுவரிலும் முட்டாமல் பலகைமேல் அடுக்குங்கள். கட்டிபட்ட சீமெந்து உதவாது.

ஒரு பைச் சீமெந்துக்கு 25 லீற்றர் நீர் போதும். ஈர மணலாயின் இன்னும் குறைவு. தண்ணீர் கூடினால் கலவையைப் பரப்புவது இலகு, ஆனால் நிலம் பலம் குன்றித் தூள் பறக்கும். பெரிய அறையை 10 அடிக்கு மேற்படாத சதுரங்களாகப் பிரித்துப் போட்டால் வெடிப்பு குறையும். மேலே ஊறும் நீர் வற்றிய பின்பே கரண்டியால் தேய்க்க வேண்டும். அந்நீரை உறிஞ்சவென்று வெறும் சீமெந்தைத் தூவினால், அந்த மேற்படை பிறகு உரிந்து வரும்.

சிவப்பு நிலம் விரும்புவோர், நிறத்தூள் சீமெந்தின் நிறையில் பத்தில் ஒன்றைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். ஓர் அறைக்கு வேண்டிய முழுவதையும் உலர்வாகவே ஒருமிக்கக் கலந்து வைத்தால் நிறம் மாறாது. விறாந்தை, குளிக்கும் இடம் ஆகியவற்றை மினுக்காமல் சொரசொரப்பாக விடுங்கள். முதியவர்கள் வழுக்கி விழுந்தால் அதன் செலவு பெரிது.

ஏழு நாள் தண்ணீர்

எல்லாவற்றையும் சரியாகச் செய்து, கடைசியில் பலர் தவறவிடுவது இதையே. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு சேர்ந்தே இறுகுகிறது. சோழகக் காற்று வீசும் காலத்தில் புதிய நிலம் சில மணித்தியாலங்களில் வரண்டுவிடும். அதனால் வேலையை அதிகாலையில் தொடங்கி, கதவு யன்னல்களை மறைத்து வையுங்கள். மறுநாள் முதல் 7 நாட்களாவது ஓரத்தில் மணல் வரம்பு கட்டி நீர் தேக்குங்கள். தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் நனைத்த சாக்கை விரித்து, அதன்மேல் பொலித்தீனால் மூடினால் குறைந்த நீரே போதும். மேசன் சம்பளம் வாங்கிப் போன பிறகு வரும் வேலை இது. எனவே வீட்டில் யார் பொறுப்பு என்பதை முன்பே தீர்மானியுங்கள். பாரமான பொருட்களை 28 நாட்களின் பின் வைப்பது நன்று.

தொழில் செய்யும் இடங்கள்

கடை, அரைக்கும் ஆலை, நெல் உலர்த்தும் களம் என்பவற்றுக்கு 4 அங்குலத் தடிப்பும் 1:2:4 கலவையும் வேண்டும். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 6 பை செல்லும். களத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் நீர் வடிய ஒரு பக்கம் சரிவு அவசியம். கொட்டிலில் மாடு சறுக்காதபடி கோடு இழுத்து விடுங்கள்.

பேணுதல்

சீமெந்துக்குப் பகை புளிப்பு. தேசிக்காய், வினாகிரி, புளித்த பால், பற்றரி அசிற் என்பன பட்டால் உடனே கழுவுங்கள். மலசலகூடம் கழுவும் அசிற்றால் நிலத்தைக் கழுவாதீர்கள். அமோனியம் சல்பேற்று உரம் சீமெந்தை அரிக்கும். உரப்பைகளைப் பலகைமேல் வையுங்கள். மணல் துகள்களே நிலத்தைத் தேய்ப்பதால் நாள்தோறும் கூட்டுவது சிறந்த பராமரிப்பு. மெழுகு பூசித் தேங்காய்மட்டையால் தேய்த்தால் சிவப்பு நிலம் மினுங்கும்.

வெடிப்பு தோன்றினால் தள்ளிப்போட வேண்டாம். அதை அரை அங்குலம் அகலமாக வெட்டி, தூசி போகக் கழுவி, சீமெந்துக் கரைசல் பூசி, ஒன்றுக்கு 2 கலவையால் அடைத்து, ஈரமாக வைத்திருங்கள். அதே இடம் மீண்டும் வெடித்தால் கீழ்மண் இறங்குகிறது என்று பொருள். அப்போது அந்தத் துண்டை உடைத்து, மண்ணை இறுக்கிப் போடுவதே வழி.

முழு வீட்டுக்கும் காசு போதாவிட்டால் எல்லா அறைக்கும் மெல்லியதாகப் பூசி முடிக்க எண்ணாதீர்கள். இவ்வருடம் பிள்ளைகள் படுக்கும் அறையை முறையாகப் போடுங்கள். அடுத்த அறுவடையின் பின் சமையலறையைப் போடலாம். அயல் வீட்டார் நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் வீட்டில் மற்றவர் மண் இடித்தும் கலவை குழைத்தும் உதவினால் கூலியில் மிஞ்சும் காசு சீமெந்துக்கு ஆகும். வயலில் நாம் கூட்டாகச் செய்வது போலவே இதையும் செய்யலாம்.